நூறாண்டுப் பூட்டு

1911 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 2 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு. இலண்டன் மாநகரின் பாராளுமன்றக் கட்டடத்திலே, நிலவறையாக அமைந்த சிறு தேவாலயமொன்றில், துப்புரவுப் பொருள்கள் வைக்கும் ஒடுங்கிய அறையினுள் ஒரு பெண்மணி ஒளிந்திருந்தார். அவர் பெயர் எமிலி வைல்டிங் டேவிசன். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் போராடிய கூட்டத்தைச் சேர்ந்தவர். திருடுவதற்கோ தீங்கு செய்வதற்கோ அவர் அங்குப் புகவில்லை. அன்றிரவு பிரித்தானியா முழுவதும் குடிசன மதிப்பு நடைபெற்றது. எவர் எவ்விடத்தில் அவ்விரவைக் கழிக்கின்றாரோ அவ்விடத்திலேயே அவர் பெயர் பதியப்படல் வேண்டும் என்பது விதி. பாராளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் உரிமை தமக்கு மறுக்கப்பட்டிருக்க, தாம் அவ்விரவு தங்கிய இடம் பாராளுமன்றமே என்று அரசாங்கப் பத்திரத்தில் எழுதுவிக்க அவர் எண்ணினார்.

மறுநாட் காலை துப்புரவுத் தொழிலாளி ஒருவர் அவரைக் கண்டார். கட்டடப் பொறுப்பாளர் படிவமொன்றை எடுத்து, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் நிலவறையில் ஒளிந்திருக்கக் காணப்பட்டவர் என்று குறித்து, அவர் பெயரைப் பதிவு செய்தார். இதற்கிடையில், அவர் குடியிருந்த விடுதியிலும் அவர் பெயர் வழக்கம்போல் எழுதப்பட்டுவிட்டது. ஆகவே அந்த ஆண்டின் கணக்கில் எமிலி டேவிசன் இருமுறை எண்ணப்பட்டார். அவர்தம் தோழியருட் பலர் எண்ணப்படுவதையே மறுத்தனர். வாக்கில்லையேல் கணக்குமில்லை என்பது அவர்களுடைய கொள்கை. சிலர் படிவத்தின் குறுக்கே அதனையே எழுதி அனுப்பினர். வேறு சிலர் வீட்டைவிட்டு நீங்கி, டிரபால்கர் சதுக்கத்தைச் சுற்றி நடந்தும், ஓல்ட்விச் என்னும் இடத்திலிருந்த சறுக்கு விளையாட்டு மண்டபத்தில் விழித்திருந்தும் இரவைப் போக்கினர். குடிசன மதிப்புக்குப் பொறுப்பான அமைச்சர் ஜோன் பேர்ன்ஸ், அவர்கள்மீது வழக்குத் தொடுத்து அவர்களைப் பெரியவர்களாக்க விரும்பாது, பேசாமல் இருந்துவிட்டார்.

இக்கதையை இன்று எவரும் சொல்ல முடிகின்றதாயின், அதற்குக் காரணம் அந்தப் படிவம் அழியாது காக்கப்பட்டமையும், பின்னர் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டமையுமாகும். ஆயின் அதனை எழுதுவித்த அரசாங்கம், எழுதியவர்களுக்கு ஒரு வாக்குறுதி அளித்திருந்தது. தனிப்பட்ட எவரைப் பற்றிய செய்தியும் வெளியிடப்படமாட்டாது என்பதே அவ்வாக்குறுதி. எத்தனை ஆண்டுகளுக்கு என்று அது சொல்லவில்லை. செத்தவர்க்கும் அந்த வாக்குறுதி செல்லுமா, செல்லுமாயின் எவ்வளவு காலத்துக்கு என்னும் வினா, பிற்காலத்தில் பல நாடுகளிற் பெரும் பிணக்கை விளைத்தது.

மக்களை எண்ணுவதை ஆங்கிலேயர் தொடக்கத்தில் விரும்பவேயில்லை. 1753 ஆம் ஆண்டில் ஆண்டுதோறும் குடிசனத்தைக் கணக்கெடுப்பதற்கான சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தபோது, யோர்க் நகர உறுப்பினர் வில்லியம் தோர்ன்டன் என்பார் கொதித்தெழுந்தார். ஆங்கிலேயரின் சுதந்திரத்தில் மிஞ்சியிருப்பதையும் இது பறித்துவிடும் என்றார். தம் குடும்பத்தின் தொகையையும் நிலையையும் கேட்டு எந்த அதிகாரியாவது வாயிலுக்கு வந்து வற்புறுத்துவானாயின், வேலையாட்களை ஏவி அவனைக் குதிரைகள் நீர் குடிக்கும் குட்டையில் அமிழ்த்துவிப்பதாகவும் சபையிலேயே அறிவித்தார். வேறு சிலரோ, தாவீது மன்னன் தன் குடிகளை எண்ணியதால் நாட்டிற் கொள்ளைநோய் பரவிய வேதாகமக் கதையை நினைந்து அஞ்சினர். சட்டமூலம் பொதுமக்கள் சபையில் நிறைவேறியும் பிரபுக்கள் சபையில் மடிந்தது. தோர்ன்டனின் பேச்சு நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனினும் அவர் தொட்ட இடம் மெய்யான இடம். குடும்பத்தின் கணக்கு யாருக்குச் சொந்தம் என்பதே அவர் எழுப்பிய வினா.

அரை நூற்றாண்டின் பின், 1801 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், முதலாவது குடிசன மதிப்பு நடைபெற்றது. மக்கட்பெருக்கம் பற்றி மால்தஸ் 1798 இல் எழுதிய நூல் கிளப்பிய கவலையும், நெப்போலியனோடு நடந்த போரும் பழைய தயக்கத்தை மாற்றிவிட்டன. அப்போது கேட்கப்பட்டவை பெரும்பாலும் எண்களே: எத்தனை வீடுகள், எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள். நாடு முழுவதும் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு எழுதும் வழக்கம் 1841 இலேதான் வந்தது. 1851 இல் பிறந்த ஊரும், குடும்பத் தலைவனுக்கு இன்ன உறவு என்பதும், குருடர் செவிடர் என்னும் குறிப்பும் சேர்ந்தன. 1871 இல் அறிவுக் குறைபாடும் மனநோயும் கேட்கப்பட்டன. எண்ணுக்கு அந்தரங்கம் என்று ஒன்றில்லை, பெயருக்கு உண்டு. பெயர் எழுதத் தொடங்கிய நாளிலிருந்தே இப்பிணக்கின் வித்தும் ஊன்றப்பட்டது.

1911 ஆம் ஆண்டுப் படிவம் முந்தியவற்றிலிருந்து வேறுபட்டது. அதற்கு முன்னெல்லாம் வீட்டார் நிரப்பிய தாளிலுள்ளவற்றைக் கணக்கெடுப்போர் தம் ஏட்டிற் படியெடுப்பர். மூலத்தாள் பின்னர் அழிக்கப்படும். 1911 இல் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணக்கிடும் இயந்திரங்கள் புகுத்தப்பட்டமையால், வீட்டார் தம் கையாலேயே எழுதிய தாள்கள் நேரே அலுவலகத்துக்குச் சென்றன, அங்கேயே தங்கிவிட்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3 கோடி 60 இலட்சம் மக்களின் விவரங்கள், அவரவர் வீட்டுத் தலைவரின் கையெழுத்திலேயே மிஞ்சின. கூலியாளும் குதிரைக்காரனும் தம் வாழ்நாளில் எழுதி, இன்று கிடைக்கும் ஒரே எழுத்து இதுவாக இருப்பதும் உண்டு.

அப்படிவத்தில் இரண்டு இடங்கள் மக்களின் உள்ளத்தை நேரே தொட்டன. ஒன்று, மணமான பெண்களைப் பற்றிய கேள்வி. மணமாகி எத்தனை ஆண்டுகள், உயிருடன் பிறந்த குழந்தைகள் எத்தனை, அவற்றுள் இருப்பவை எத்தனை, இறந்தவை எத்தனை என்று வரிசையாகக் கட்டங்கள். பிறப்பு வீதம் குறைவதும் சிசு மரணம் மிகுவதும் அறிஞரைக் கவலைக்குள்ளாக்கிய காலம் அது. விதவைகள் இக்கட்டங்களை நிரப்ப வேண்டியதில்லை. ஆயினும் பலர் நிரப்பினர். மனைவியை இழந்த ஆடவரும் நிரப்பினர். பத்துப் பெற்று ஆறு இழந்தவள், தன்னைக் கேட்கவில்லை என்பதற்காக அதைச் சொல்லாது விடுவாளா? இலிகிதர்கள் விதிப்படி அவற்றை மையினாற் கோடிட்டு வெட்டினர். வெட்டிய கோட்டின் கீழே எண்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

மற்றையது கடைசிக் கட்டம். குடும்பத்தில் எவரேனும் முழுச் செவிடரோ, ஊமையோ, குருடரோ, பைத்தியமோ, அறிவு மந்தரோ என்றும், அந்நிலை எந்த வயதில் நேர்ந்தது என்றும் அது கேட்டது. இத்தகைய கேள்விக்குப் பெற்றோர் உண்மை எழுதுவதில்லை என்பதை 1881 ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொண்டிருந்தது. எழுதுவார்களா? வீட்டிலுள்ள மற்றப் பெண்ணுக்கு மணம் பேசவேண்டியிருக்கும். அயலவர் காதில் விழுந்தால் என்னாகும்? மேலும், 1913 இல், இப்படிவம் நிரப்பப்பட்டு இரண்டே ஆண்டுகளில், அறிவு மந்தமுடையோரை விடுதிகளில் அடைத்துவைக்க அதிகாரமளிக்கும் சட்டமொன்று இங்கிலாந்தில் நிறைவேறிற்று. அந்தக் கட்டத்தின்முன் பேனாவைப் பிடித்தபடி தயங்கிய தந்தையின் அச்சம் வீணானதன்று.

இக்காரணத்தாலேயே படிவத்தில் வாக்குறுதி அச்சிடப்பட்டது. புள்ளிவிவர அட்டவணைகள் ஆக்குவதற்கன்றி வேறெதற்கும் இவ்விடைகள் பயன்படா. முதியோர் உபகாரப் பணத்துக்கு வயதை மெய்ப்பிக்கவும் பயன்படா என்று அது கூறியது. உபகாரப் பணத்தைப் பெயர் சுட்டிச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அது அயர்லாந்தோடு தொடர்புடையது.

1909 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் தொடக்கம், 70 வயது நிரம்பிய வறியவர்க்கு வாரம் 5 சிலிங் வரை கொடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அயர்லாந்திலே முதியவர்கள் திரண்டெழுந்தனர். ஆயின் அங்கு எல்லா மதத்தினரின் பிறப்புக்களையும் அரசாங்கம் பதியத் தொடங்கியது 1864 இலேதான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு எங்கே போவது? 1839 ஜனவரி 6 ஆம் நாள் இரவு அந்நாட்டைப் பெரும் புயலொன்று அலைத்திருந்தது. அந்தப் பெருங்காற்று வீசிய இரவில் தாம் கையிற் கிழங்கு பிடித்துத் தின்னும் பருவத்தினராயிருந்தோம் என்று அவர்கள் அதிகாரிகளிடம் சொன்னார்கள். புயலையும் வெள்ளத்தையும் வைத்து வயது சொல்லும் முதியோரைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. அதிகாரிகளோ தாளிற் சான்று கேட்டனர்.

சான்று ஓரிடத்தில் இருந்தது. டப்ளின் நகரிலே, போர் கோர்ட்ஸ் எனப்படும் நீதிமன்றக் கட்டடத்தை அடுத்த சுவடிக்கூடத்தில், 1841, 1851 ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்பு ஏடுகள் இருந்தன. முதியவர் ஒருவர் தம் தந்தை பெயர், தாய் பெயர், ஊர், குறிச்சி ஆகியவற்றை எழுதிக் கட்டணத்துடன் அனுப்புவார். இலிகிதர் ஏட்டைப் புரட்டி அக்குடும்பத்தைத் தேடுவார். கண்டால், தாய் தந்தையர் பெயரும் பிள்ளைகள் பெயரும் அவர்தம் வயதும் ஒரு தாளில் இறங்கும். அத்தாள் முதியவருக்கு உணவாகும். ஒரு குடும்பத்தின் அந்தரங்கக் கணக்கு அறுபது எழுபது ஆண்டுகளின் பின் பிரித்துப் பார்க்கப்பட்டது என்று இதற்குக் குறை கூறலாம். பார்க்கும்படி வேண்டியவரோ அந்தக் கணக்கிற் குழந்தையாக எழுதப்பட்டவரே.

1922 ஜூன் மாத இறுதியில் உள்நாட்டுப் போர் மூண்டு, போர் கோர்ட்ஸ் கட்டடத்தைப் பிடித்திருந்தவர்கள்மீது அரசாங்கப் படை பீரங்கி கொண்டு தாக்கியது. 30 ஆம் நாள் பெருவெடி ஒன்று நிகழ்ந்து சுவடிக்கூடம் எரிந்தது. கருகிய தாள்கள் நகர வானமெங்கும் பறந்தன. 1821 முதல் 1851 வரையான நான்கு குடிசன மதிப்புக்களும் ஏறக்குறைய முற்றாக அழிந்தன. 1861, 1871 ஆம் ஆண்டுகளுக்குரியவை கணக்கு முடிந்த சில காலத்திலேயே அரசாங்கத்தால் அழிக்கப்பட்டிருந்தன. 1881, 1891 ஆம் ஆண்டுகளுக்குரியவை முதலாம் உலக மகாயுத்த காலத்திற் காகிதக் கூழாயின. இன்று, பெரும் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் வாழ்ந்த ஐரிஷ் உழவர் குடும்பங்களுட் பலவற்றின் பெயர் எங்கே கிடைக்கின்றது? உபகாரப் பணத்துக்காக இலிகிதர் படியெடுத்த அந்தத் தேடுதல் தாள்களிலேதான் கிடைக்கின்றது. பூட்டு ஒருபோதும் திறக்கப்படாதிருந்தால் அவையும் இரா.

ஆகவேதான், எஞ்சிய 1901, 1911 ஆம் ஆண்டுப் படிவங்களை அயர்லாந்துக் குடியரசு நூறாண்டு பூட்டிவைக்க விரும்பவில்லை. வேறு சுவடிகள் எரிந்துபோன நாடு அது. 1961 ஆம் ஆண்டிலேயே அவ்விரண்டும் டப்ளினில் எவரும் பார்க்கத்தக்கனவாயின. இதிலுள்ள விந்தையைக் கவனித்தல் வேண்டும். இங்கிலாந்துப் படிவமும் அயர்லாந்துப் படிவமும் ஒரே மன்னன் ஆட்சியில், ஒரே இரவில் நிரப்பப்பட்டவை. உடற்குறை, மனக்குறை கேட்ட கட்டம் இரண்டிலும் உண்டு. டப்ளின் வாசியின் குறை ஐம்பதாவது ஆண்டில் அயலவன் பேரனுக்குத் தெரியவந்தது. இலண்டன் வாசியின் குறை நூறாண்டு மறைந்திருந்தது.

குடிசனப் பதிவை இவ்வளவு அஞ்சவும் வேண்டுமோ என்று கேட்பவர்க்கு, இரண்டாம் உலக மகாயுத்தம் விடை கூறிற்று. நெதர்லாந்து நாட்டில் மக்கள் பதிவேடுகள் மிக ஒழுங்காக வைக்கப்பட்டன. ஒவ்வொருவரின் மதமும் அவற்றில் இருந்தது. அமைதிக் காலத்தில் அதனால் எவருக்கும் தீங்கில்லை. 1940 இல் நாஜிப்படை நாட்டைப் பிடித்தபின், அவ்வேடே யூதர்களின் வீட்டைக் காட்டும் வழிகாட்டியாயிற்று. 1943 மார்ச் 27 ஆம் நாள் இரவு, ஓவியர் வில்லெம் அரொண்டெயஸ், சிற்பி கெரிட் வான் டெர் வேன் முதலானோர் பொலிஸ் உடையணிந்து அம்ஸ்டர்டாம் பதிவுக் காரியாலயத்தினுட் புகுந்தனர். காவலாளருக்கு மயக்கமருந்து ஏற்றி, அருகிலிருந்த மிருகக்காட்சிச் சோலையிற் கிடத்தினர். அட்டைகளைத் தரையிற் கொட்டித் தீ மூட்டினர். உள்ளூரத் துணைநின்ற தீயணைப்புப் படையினர் மெதுவாக வந்து, வேண்டியதற்கு மேலாக நீரைப் பாய்ச்சி, எரியாத தாள்களையும் பாழாக்கினர். எனினும் அழிந்தது ஒரு பகுதியே. காட்டிக்கொடுக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூலை முதலாம் நாள் அரொண்டெயஸும் அவரோடு பதினொருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். நெதர்லாந்தில் இருந்த ஏறத்தாழ 140,000 யூதருள் 100,000 பேருக்கு மேற்பட்டோர் அந்த யுத்தத்தில் மாண்டனர்.

மக்களாட்சி நாடுகளும் வாக்குறுதியை எப்போதும் காத்தன என்று சொல்வதற்கில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1942 மார்ச் மாதத்தில் நிறைவேறிய யுத்தகாலச் சட்டமொன்று, குடிசன மதிப்பின் இரகசியப் பாதுகாப்பை நீக்கி வைத்தது. ஜப்பானிய வம்சத்தவர் எந்தெந்தத் தெருப்பகுதிகளில் எத்தனை பேர் உளர் என்னும் கணக்கு, அவர்களை வெளியேற்றிய படையினருக்கு உதவிற்று. பெயரும் முகவரியும் கொடுக்கப்படவில்லை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2007 இல், மார்கோ ஆண்டர்சன், வில்லியம் செல்ட்சர் என்னும் ஆய்வாளர் இருவர், 1943 இல் வாஷிங்டன் நகரில் வாழ்ந்த அவ்வினத்தவர் சிலரின் பெயர்களே கொடுக்கப்பட்டமைக்கான பத்திரங்களை எடுத்துக்காட்டினர். இதில் வியப்பு யாதெனில், வாக்குறுதி மீறப்பட்டது என்பதை மெய்ப்பித்ததும் திறந்துவிடப்பட்ட அரசாங்கச் சுவடிகளேயாகும்.

பிரித்தானியாவில் 1920 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புச் சட்டம், தனிப்பட்டவர் செய்தியை வெளியிடுவதைக் குற்றமாக்கிற்று. 1921 ஆம் ஆண்டுக் கணக்கும் அதற்குப் பிந்தியவையும் அச்சட்டத்துக்கு உட்பட்டவை. பழைய கணக்குகளுக்கோ நூறாண்டு என்னும் எல்லை வழக்கமாக வளர்ந்து, 1966 இல் லோர்ட் சான்சலரின் கட்டளையால் உறுதிபெற்றது. நூறு என்பது மனித ஆயுளின் எல்லை என்று கொள்ளப்பட்டிருக்கலாம். இந்த ஏற்பாட்டில் 1911 ஆம் ஆண்டுக் கணக்கு இரண்டுங்கெட்டான் நிலையில் நின்றது. கட்டளை அதனைப் பூட்டியது. 1920 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தொடவில்லை.

2005 ஆம் ஆண்டு ஜனவரியில் தகவற் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், குடும்ப வரலாறு ஆராய்வோர் ஒருவர் அந்த இடுக்கிற் கைவைத்தார். ஒரு குறிப்பிட்ட வீட்டின் 1911 ஆம் ஆண்டு விவரத்தைக் காட்டும்படி தேசிய சுவடிக்கூடத்தைக் கேட்டார். சுவடிக்கூடம் மறுத்தது. அது நம்பிக்கையின் பேரிற் பெற்ற செய்தி. வாக்கை மீறினால் இனிவரும் கணக்கெடுப்பில் மக்கள் உண்மை கூறமாட்டார் என்பது அரசாங்கத் தரப்பின் வாதம். அது வலிமையான வாதமே. பொய்யான விடைகளைக் கூட்டிப் பெறும் மொத்தத்தால் எவருக்கு என்ன பயன்? மறுதரப்பாரும் வெறும் ஆவலால் உந்தப்பட்டவரல்லர். தந்தையின் பெயரறியாது வளர்ந்தவர்களும், முதலாம் யுத்தத்தில் மறைந்த மாமனைத் தேடுபவர்களும், முதுமை முற்றி, இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க இயலாதவர்களும் அவர்களுள் இருந்தனர். 1914 இல் போருக்குப் போன இளைஞரை அவர்தம் வீட்டிலே, தாய் தந்தையரோடு கடைசியாகக் காட்டும் கணக்கு இதுவன்றோ!

2006 டிசெம்பரில் தகவல் ஆணையாளர் தீர்ப்பளித்தார். படிவத்திலுள்ள எல்லாமே இரகசியமல்ல. வீட்டு முகவரியும் பெயரும் தொழிலும், தொண்ணூற்றைந்து ஆண்டுகளின் பின் எவரையும் புண்படுத்தா. உடற்குறை மனக்குறை போன்ற செய்திகள் மட்டும் இன்னும் காக்கப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். இதன்படி 2009 ஜனவரியில் 1911 ஆம் ஆண்டுக் கணக்கு இணையத்தில் வெளிவந்தது. வெளிவந்த ஒவ்வொரு தாளிலும் வலப்புறக் கடைசிக் கட்டம் மறைக்கப்பட்டிருந்தது. சிறையில் இருந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள் பற்றிய விவரமும் மறைக்கப்பட்டது. ஸ்கொத்லாந்தோ இவ்வழியைப் பின்பற்றாது, தன் பங்கை 2011 ஏப்பிரில் வரை பூட்டியே வைத்திருந்தது.

தாள் முழுவதையும் மூடுவதா திறப்பதா என்றே ஒரு நூற்றாண்டாக வாதிட்டவர்கள், ஒரு கட்டத்தை மட்டும் மூடலாம் என்பதைக் கண்டுகொள்ள இவ்வளவு காலம் சென்றது சற்று வியப்பானதே. 1911 இற் பிறந்த குழந்தைக்கு 2009 இல் 98 வயது இருக்கும். தன் பெயரைத் தாயின் பெயரின்கீழே தானே கண்ட முதியவருக்கு அது மகிழ்ச்சியளித்திருக்கும். அதே வரியின் முடிவில், தன் தமையனைப் பற்றித் தந்தை எழுதிய ஒரு சொல்லைத் தன் பேரப்பிள்ளைகள் சூழ இருந்து வாசிக்க அவர் விரும்பியிருப்பாரா என்பது வேறு. 2012 ஜனவரியில் அந்தக் கட்டமும் திறக்கப்பட்டது. ‘அறிவு மந்தம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிந்த வாழ்வுகள் பல அங்கே இருந்தன. அவர்களுட் பலருக்குக் கணவரில்லை, மக்களில்லை. வேறெந்த ஏட்டிலும் அவர்களைத் தேடுவோர் இலர். மறைக்கப்பட்டமையால் மானம் காக்கப்பட்டவர்களும் அவர்களே. மறைக்கப்பட்டமையால் மறக்கப்பட்டவர்களும் அவர்களே.

பிறகு வந்த இன்னொரு பதிவேட்டில் வேறொரு முறை கையாளப்பட்டது. யுத்தம் தொடங்கிய சில வாரங்களில், 1939 செப்டெம்பர் 29 ஆம் நாள், அடையாள அட்டை வழங்கும் பொருட்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 4 கோடி மக்கள் பதியப்பட்டனர். யுத்தம் முடிந்தும் அவ்வேடு மூடப்படவில்லை. பங்கீட்டுக்கும் பின்னர் தேசிய வைத்திய சேவைக்கும் அது பயன்பட்டது. மணமான பெண்களின் பழைய பெயரை வெட்டிப் புதிய பெயரை மேலே எழுதிக்கொண்டே வந்தனர். குடிசன மதிப்பன்றாதலின் நூறாண்டு விதி அதற்கில்லை. 2015 நொவெம்பரில் அது வெளியிடப்பட்டபோது, பிறந்து நூறாண்டு ஆகாதவராயும் இறந்தாரென்று அறியப்படாதவராயும் உள்ளவர்களின் வரிகள் மட்டும் கறுப்பாக மறைக்கப்பட்டன. ஒரு பக்கத்தைப் பார்த்தால், பாட்டன் பாட்டி பெயர்கள் தெரியும். அடுத்த வரி கறுப்பு. அங்கே ஒரு குழந்தை இருந்தது, அது இன்னும் உயிரோடிருக்கலாம் என்பதே அக்கறுப்பின் பொருள். இறப்புக்குச் சான்று காட்டினால் அவ்வரி திறக்கப்படும்.

எவ்வளவு நுட்பமான பூட்டும் தீயின்முன் நில்லாது. 1931 ஆம் ஆண்டுக் கணக்கு முழுவதும் மிடில்செக்ஸ் பகுதியில் ஹேய்ஸ் என்னும் இடத்திலுள்ள களஞ்சியமொன்றில் வைக்கப்பட்டிருந்தது. 1942 டிசெம்பர் 19 ஆம் நாள் அங்கே தீப்பற்றியது. ஜேர்மானியரின் குண்டு காரணமன்று. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய தாள்கள் யாவும் எரிந்தன. 1941 இல் யுத்தத்தின் காரணமாகக் கணக்கெடுப்பே நடைபெறவில்லை. 1921 ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரி 6 ஆம் நாள் திறக்கப்பட்டது. அடுத்துத் திறக்கவேண்டியது 1951 ஆம் ஆண்டினது. அதற்கு 2052 வரை காத்திருத்தல் வேண்டும்.

அவுஸ்திரேலியா நெடுங்காலமாகப் படிவங்களைக் கணக்கு முடிந்ததும் அழித்துவந்த நாடு. அந்தரங்கத்துக்கு இதைவிடப் பெரிய காவல் வேண்டியதில்லை; வரலாற்றுக்கு இதைவிடப் பெரிய இழப்பும் வேண்டியதில்லை. 2001 இல் அந்நாட்டார் முன்னொருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தனர். உம்முடைய பெயரும் விடைகளும் 99 ஆண்டுகள் பூட்டிவைக்கப்பட்டுப் பின்னர் திறக்கப்பட நீர் உடன்படுகின்றீரா என்று படிவத்திலேயே ஒவ்வொருவரையும் கேட்டனர். எழுதியவரையே கேட்பது என்பது 1753 இலிருந்து அதுவரை எவருக்கும் எளிதில் தோன்றாத வழி. பாதிக்கு மேற்பட்டோர் உடன்பட்டனர்.

அயர்லாந்து இன்னும் ஒருபடி சென்றது. 2022 ஏப்பிரில் 3 ஆம் நாள் நடந்த குடிசன மதிப்பின் படிவத்தில், கடைசிப் பக்கத்தில் வெற்றிடமொன்று விடப்பட்டது. அங்கே எதையும் எழுதலாம், எழுதாமலும் விடலாம். எழுதியதை எந்த இலிகிதரும் கணக்கிற் சேர்க்கமாட்டார். சிலர் நோயில் இறந்தவர்களின் பெயரை எழுதினர், சிலர் வீட்டு நாயின் பெயரை எழுதினர், சிலர் கொள்ளுப்பேரர்களுக்கு வணக்கம் கூறினர். அப்பக்கம் 2122 இல் திறக்கப்படும்.